வல்லாள கோபுரத்தின் இரண்டு கதைகள்

திருவண்ணாமலை பெரிய கோயிலுக்குள் ராஜகோபுரம் வழியாகப் போனால், ஆயிரங்கால் மண்டபத்தையும் சிவகங்கைக் குளத்தையும் தாண்டி அடுத்து எதிரே நிற்பது வல்லாள மகாராஜா கோபுரம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 217 அடி ராஜகோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னதுதான். ஆனால் எங்களை மாதிரி உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் கதை சொல்லப்பட்ட கோபுரம். என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அம்மா அங்கே நின்று மேலே கையைக் காட்டுவாள். "இங்கேர்ந்துதாண்டா அருணகிரிநாதர் குதிச்சாரு. கீழ விழறதுக்குள்ள முருகன் வந்து தாங்கிக்கிட்டாரு."

2021 மே மாதம் அண்ணன் கொரோனாவில் போய்விட்டான். பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்தான். கோயில் மூடியிருந்தது, கிரிவலம் கிடையாது. அம்மா மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்தே அந்தப் பதினொரு நாளையும் கழித்தாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் கழித்துத்தான் கோயிலுக்கு வந்தாள். அன்றைக்கு என் மகள் அந்தக் கோபுரத்தின் கீழே நின்று, "பாட்டி, இங்கதானே குதிச்சாரு?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்துகொண்டே இருந்தாள். கதையைச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் மட்டும் கேட்டாள்: "அவர புடிச்சாருல்ல, இவன ஏன் புடிக்கல?"

என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. பழைய கல்வெட்டுத் தொகுதிகளையும் பயணக் குறிப்புகளையும் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பிறகு இந்தக் கோபுரத்தைப் பற்றிப் படித்தவற்றை இங்கே ஒரு குறிப்பாக வைக்கிறேன்.

முதலில் குதித்தவரை விட்டுவிட்டு, கட்டியவரைப் பார்ப்போம்.

கட்டியவர்

வீர வல்லாளன் என்று நம் ஊர் சொல்கிற மன்னர், போசள வம்சத்தின் மூன்றாம் வல்லாளர். 1292 வாக்கில் பட்டத்துக்கு வந்தவர். தலைநகரம் கர்நாடகத்தில் இருந்த துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு. 1311இல் மாலிக் காபூரின் படை அங்கே வந்தது; வல்லாளர் பணிந்து, பொருள் கொடுத்து நாட்டைக் காப்பாற்றிக்கொண்டார். 1327 வாக்கில் துக்ளக் படை வந்தபோது அதுவும் முடியவில்லை, தலைநகரம் அழிந்தது. அதற்குப் பிறகு அவர் தங்கி ஆட்சி செய்த முக்கியமான இடம் திருவண்ணாமலை. போக இடமில்லாமல் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அந்த வரிசையில் ஒரு ராஜாவும் உண்டு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கோபுரம் முடிந்த ஆண்டு 1340 என்பார்கள். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது.

தெற்கே மதுரையில் டெல்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அசன் ஷா, 1335 வாக்கில் தனி சுல்தானாகிவிட்டார். அவருக்குப் பின் சிலர் வந்துபோக, 1340களின் தொடக்கத்தில் கியாசுத்தீன் தாமகானி ஆண்டார். வல்லாளர் பெரும்படையுடன் தெற்கே போய்க் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டார். அது இன்றைய சமயபுரம் பக்கம். படை ஒரு லட்சம், அதில் இருபதாயிரம் பேர் முஸ்லிம்கள் என்று குறிப்பு இருக்கிறது. எனவே இதை இரண்டு மதங்களின் சண்டை என்று மட்டும் சுருக்கிவிட முடியாது.

இந்தக் குறிப்பை எழுதியவர் மொராக்கோ பயணி இப்னு பதூதா. கியாசுத்தீனின் மனைவியும் இவர் மனைவியும் அக்கா தங்கை, ஜலாலுத்தீனின் மகள்கள். எனவே சண்டை முடிந்த கொஞ்ச காலத்திலேயே மதுரைக்கு வந்து, அரண்மனைக்குள் இருந்தவர்களிடமிருந்தே கேட்டு எழுத அவரால் முடிந்தது.

அவர் சொல்கிறபடி, முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது. கோட்டைக்குள் பதினான்கு நாளுக்கு மட்டும் சாப்பாடு மிச்சம். உள்ளே இருந்தவர்கள் மதுரைக்குக் கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை மக்கள் முன் படிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள், எங்கள் உயிரை இறைவனுக்கே கொடுக்கிறோம் என்று கிளம்பினார்கள். சாவுக்குத் துணிந்ததற்கு அடையாளமாகத் தலைப்பாகையைக் கழற்றிக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டார்களாம். சிறிய படைதான். வல்லாளரின் ஆட்கள் மதியத் தூக்கத்தில் இருந்த நேரம், குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்த நேரம். வந்தவர்களை முதலில் திருடர்கள் என்று நினைத்தார்களாம். கிழவர் குதிரையில் ஏறப் பார்த்தார், பிடிபட்டார். பிடித்தவனுக்கு அவர் யாரென்று தெரியவில்லை, வெட்டப்போனான். கூட இருந்த அடிமை ஒருவன்தான் இது ராஜா என்று சொன்னான்.

கியாசுத்தீன் முதலில் மரியாதையாக நடத்தினார். யானை, குதிரை, செல்வம் எல்லாம் வாங்கிக்கொண்டபின் கொன்றார். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அது தொங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். கோபுரம் முடிந்து இரண்டே வருடம். ஒரு மனிதன் தெய்வத்துக்காக இதைவிட என்ன செய்ய முடியும்? அவரை யாரும் பிடிக்கவில்லை.

புளி குடித்துப் பிழைத்தவர்

இதே கதையைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். பதினான்கு நாள் சோறு. வெளியே ஒரு லட்சம் பேர். இறைவனை நம்பிச் சாவுக்குத் துணிந்து வந்த சின்னப் படை. நினைத்தே பார்க்காத வெற்றி. அவர்களுக்கு இது அப்பட்டமான மீட்பு அற்புதம். செங்கடல் பிளந்து வழிவிட்ட கதைக்கும் இதற்கும் அவர்கள் மனதில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அந்தக் கதை குர்ஆனிலும் இருக்கிறது.

ஆனால் இப்னு பதூதா அதோடு நிறுத்தவில்லை. கியாசுத்தீன் கைதிகளை அவர்களுடைய பெண்டு பிள்ளைகளோடு கழுவேற்றியதை அவர் எழுதுகிறார். வேறெந்த அரசனும் இப்படிச் செய்து பார்த்ததில்லை, அதனால்தான் இறைவன் அவர் முடிவைச் சீக்கிரமாக்கினான் என்கிறார். சொந்த சகலை, சொந்த மதம், தன்னை உபசரித்த சுல்தான்! அப்படியிருந்தும் ஜெயித்ததால் இறைவன் இவர் பக்கம் என்று அவர் எழுதவில்லை.

பிறகு மதுரையில் ஒரு கொள்ளை நோய் வந்தது. பிடித்த இரண்டாம் நாள் மூன்றாம் நாளே ஆட்கள் செத்தார்கள். சுல்தானின் தாய், மனைவி, மகன் எல்லோரும் அடுத்தடுத்துப் போனார்கள். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல், இதுதான் முடிவு என்று நினைத்தார். அப்போது புளியைப் பற்றிய நினைப்பை இறைவன் தன் மனதில் போட்டதாக எழுதுகிறார். ஒரு ராத்தல் அளவு புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, பிறகு குணம். இறைவன் என்னைக் காப்பாற்றினான் என்று நன்றி சொல்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அதே ஊரில், அதே வாரத்தில், அதே இறைவனைக் கும்பிட்டுச் செத்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் யாரும் குறிப்பு எழுதவில்லை. பிழைத்தவர்தான் எழுத முடியும். மீட்புக் கதைகள் எல்லாமே பிழைத்தவர்கள் எழுதியவைதானே என்று தோன்றியது.

அப்படி இல்லை என்று காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கிற டீச்சர்.

ஒரே அதிகாரத்தில் இரண்டு பேர்

டீச்சர் ஓய்வுபெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே டேனிஷ் மிஷன் காலத்திலிருந்து இருக்கிற லுத்தரன் குடும்பங்களில் ஒன்று. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் போன் பண்ணி அம்மாவுக்காக ஜெபம் பண்ணியவர். அம்மா கேட்டதை அவரிடம் சொன்னேன். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பைபிளை எடுத்து அப்போஸ்தலருடைய நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். "பேதுரு கதை எல்லாருக்கும் தெரியும் தம்பி. அதுக்கு முன்னாடி இருக்கறத படிங்க."

பேதுரு கதை இதுதான். ஏரோது ராஜா அவரைச் சிறையில் போடுகிறான். இரண்டு சங்கிலி, இரண்டு பக்கமும் சிப்பாய். ராத்திரி தேவதூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு போய், தனக்காக ஜெபம் நடக்கிற வீட்டின் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலை அடையாளம் கண்டு சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவர்களே அவளைப் பைத்தியம் என்கிறார்கள்.

இதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஒரே வரியில், யோவானின் சகோதரன் யாக்கோபை அதே ஏரோது வாளால் கொன்றான் என்று இருக்கிறது. அவ்வளவுதான். தேவதூதன் வரவில்லை. ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை. யாக்கோபுக்கு நம்பிக்கை குறைவு என்றும் இல்லை, ஜெபம் போதவில்லை என்றும் இல்லை. இந்த வரியை விட்டுவிட்டு எழுதியிருந்தால் கதை இன்னும் அழகாக இருந்திருக்கும். விடவில்லை.

எபிரெயருக்கு எழுதிய நிருபம் 11ஆம் அதிகாரமும் அப்படித்தான். விசுவாசத்தால் செங்கடலைக் கடந்தவர்கள், சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள், வாளுக்குத் தப்பினவர்கள் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. சில வரிகள் தள்ளி, அதே விசுவாசத்தோடு வாளால் வெட்டுண்டு செத்தவர்கள் என்று பட்டியல் தொடர்கிறது. இரண்டு வகையினருக்கும் ஒரே மரியாதை.

டீச்சர் கடைசியாகக் காட்டியது தானியேல் 3ஆம் அதிகாரம். நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. ஏழு மடங்கு சூடாக்கிய சூளை. அவர்கள் வேகாமல் வெளியே வந்தார்கள் என்பதுதான் சண்டே ஸ்கூலில் சொல்லப்படுகிற கதை. ஆனால் சூளைக்குள் போவதற்கு முன் அவர்கள் ராஜாவிடம் சொன்ன பதில் முக்கியம். எங்கள் தேவனால் எங்களைக் காப்பாற்ற முடியும். அப்படியே அவர் காப்பாற்றாமல் போனாலும் சரி, உன் சிலையைக் கும்பிட மாட்டோம். இந்த 'போனாலும்' வரும்போது அவர்களுக்கு முடிவு தெரியாது. வாசிக்கிற நமக்குத்தான் தெரியும்.

தானியேல் ஆகமம் இப்போதுள்ள வடிவத்தை அடைந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில், நான்காம் அந்தியோக்கஸ் யூதர்களை வதைத்த காலத்தில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதாவது, கி.மு. 167ஐ ஒட்டிய வருடங்களில், உண்மையாகவே ஆட்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, சூளையிலிருந்து மூன்று பேர் வெளியே வந்த கதை வாசிக்கப்பட்டது. கேட்டவர்களில் பலர் வெளியே வரவில்லை. அது அவர்களுக்குத் தெரியாததில்லை. அப்படியென்றால் எனக்கும் இப்படி நடக்கும் என்ற உத்தரவாதத்துக்காக மட்டும் அவர்கள் அதைக் கேட்டிருக்க முடியாது. நடக்காவிட்டாலும் நான் யார் என்பது மாறாது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது.

நம் பக்கத்தில் அப்பரை நினைத்துக்கொள்ளலாம். ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் இருந்தவர், கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அண்ணாமலையையும் பாடியிருக்கிறார். அதே பெரியபுராணத்தில்தான் மெய்ப்பொருள் நாயனாரும் இருக்கிறார். சிவனடியார் வேடத்தில் வந்த எதிரி கத்தியால் குத்துகிறான், அவர் சாகிறார். கத்தி பூவாக மாறவில்லை. இரண்டு பேருக்கும் அறுபத்துமூவரில் இடம் இருக்கிறது.

ஊர் சொன்ன கதை

வல்லாளர் கொல்லப்பட்ட செய்தி திருவண்ணாமலைக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரின் ராஜா, கோபுரம் கட்டியவர், சுவரில் தொங்குகிறார். சில வருடங்களில் அவர் வம்சமும் முடிந்தது. மதுரை சுல்தான்களின் ஆட்சியை விஜயநகரத்துக் குமார கம்பணர் 1371 வாக்கில் முறியடித்தார் என்பார்கள். வல்லாளருக்கு அது முப்பது வருடம் தாமதம்.

ஊர் என்ன செய்திருக்கலாம்? அருணாசலேசுவரர் வந்து ராஜாவைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. வேறொரு கதைதான் இங்கே வளர்ந்தது. அருணாசல புராணத்திலும் அது இருக்கிறது. வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. சிவன் அடியார் வேடத்தில் வந்து சோதித்து, கடைசியில் இளைய ராணி சல்லமா தேவியின் கையில் குழந்தையாகி மறைந்தார். உனக்கு நானே பிள்ளை, உன் காரியத்தை நானே செய்வேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கு இன்றுவரை நடக்கிறது. தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசானிய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். மேளதாளத்தோடு போகிறார். அங்கே வல்லாள மகாராஜா இறந்துபோன செய்தி அவரிடம் சொல்லப்படுகிறது. அதோடு மேளம் நிற்கிறது. சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதியில் தன் தகப்பனுக்குத் திதி கொடுக்கிறார். ஏறக்குறைய 680 வருடத்துக்கு முன்னால் செத்தவருக்கு.

அருணகிரிநாதர் குதித்தது இதற்குப் பிறகு. அவர் பாட்டில் பிரபுட தேவராயர் பெயர் வருவதால் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்று வைத்துக்கொள்கிறோம். குதித்த கோபுரம் வல்லாள கோபுரம் என்பது ஊர் வழக்கு. அதன் அடியிலேயே கோபுரத்திளையனார் சன்னதி இருக்கிறது. அதாவது, காப்பாற்றப்படாத ஒருவர் கட்டிய கோபுரத்திலிருந்துதான் காப்பாற்றப்பட்டவர் குதித்தார். நாற்பது வருடமாக அந்த வழியாகப் போய்வருகிற எனக்கு இது உறைக்கவே இல்லை. முதல் கதையை மட்டும்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தைப்பூசம்

இந்த வருடம் தைப்பூசத்துக்கு அம்மாவை ஈசானிய குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சரும் நானும் பேசியது, இப்னு பதூதா எழுதியது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தேன். சுவர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. கொன்னுட்டாங்க என்று மட்டும் சொன்னேன்.

தீர்த்தவாரி முடிந்தது. மேளம் நின்றது. அத்தனை கூட்டத்திலும் ஒரு நிமிஷம் காது அடைத்த மாதிரி இருந்தது. சாமி எங்களைத் தாண்டிப் போனார்.

"இவர் மேல அவ்வளவு பக்தியா இருந்தவரு. அவரையும் காப்பாத்தலயா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்த சாமியையே பார்த்தாள். "நம்ம புள்ளயக் கொண்டு போறப்பவும் மேளம் இல்ல" என்றாள். 2021இல் அண்ணனை எடுத்துப்போனபோது மூன்றே பேர்தான் போனோம். மேளம் இல்லை, பூ இல்லை, முகம்கூடக் காட்டவில்லை. அதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அம்மாவின் கேள்விக்கு இது பதிலா என்று கேட்டால், இல்லை. வல்லாளனை ஏன் பிடிக்கவில்லை என்று புராணமும் சொல்லவில்லை, யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை என்று பைபிளும் சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே அந்தச் சாவை மறைக்கவில்லை. மீட்புக் கதையைச் சொல்லும்போது பக்கத்திலேயே அதையும் வைத்திருக்கின்றன. அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டவர்கள் நாம்தான். பிடிக்கப்படாதவர்களின் வீட்டில் இருப்பவர்கள், தங்கள் நம்பிக்கையில்தான் ஏதோ குறை என்று தாங்களே நினைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போன வாரம் கோயிலுக்குப் போனபோது மகள் மறுபடியும் கேட்டாள். அம்மா இந்த முறை நின்றாள். மேலே கை காட்டி அருணகிரிநாதர் கதையைச் சொன்னாள். அப்புறம், "இதைக் கட்டின ராஜா கதை தெரியுமா உனக்கு? வா, உக்காந்து சொல்றேன்" என்று கோபுரத்து நிழலில் உட்கார்ந்தாள்.